சூளைக்கு மேலே

மார்ச் 3, செவ்வாய்

காற்று இன்று நல்ல பிள்ளை. காலையில் நர்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் பாடம். ஊசி போட்டுப் பழகிய கை, விமானத்தைப் பூ மாதிரி பிடிக்கிறாள். ரேடியோவில் பேசச் சொன்னால் மட்டும் மென்று விழுங்குகிறாள். இங்கே பேச்சுதான் எல்லாம் என்று தினமும் அவள் தலையைத் தின்கிறேன். எங்கள் தளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஒரு ஓடுதளம், காற்றுத் திசை காட்டும் துணிப்பை ஒன்று, தகரக் கொட்டகை, அண்ணனின் ஃப்ளையிங் கிளப் போர்டு. 'இறங்கு', 'பொறு' என்று சொல்ல ஆள் இல்லை. வானத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் அவரவர் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும், அடுத்தவர் சொல்வதைக் கேட்க வேண்டும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. பத்தொன்பது வருஷமாக ஓடுகிறது.

கடைசி ரவுண்டில் அவளாகவே "சூளை மேல, இறங்கத் திரும்புறேன்" என்று கணீரென்று சொன்னாள். ஓடுதளத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் சூளை. அங்கே திரும்பினால் ஓடுதளம் மூக்குக்கு நேரே வந்துவிடும். பாராட்டினேன், முகம் மலர்ந்துவிட்டது.

துணிப்பை கிழிந்து தொங்குகிறது. மெக்கானிக்கிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், நாலாவது தடவையாகச் சொன்னேன். "நாளைக்கு" என்றார், நாலாவது தடவையாக.

மார்ச் 7, சனி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா?

மாலை நாலு மணி. நானும் நர்ஸும் சூளை மேல் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தோம். முந்நூறு அடி இருக்கும். அவள் திடீரென்று, "மேடம், நம்ம நிழல் பக்கத்துல இன்னொரு நிழல் வருது" என்றாள். வலது பக்கம் வயலில் பார்த்தேன். எங்கள் நிழல் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து இன்னொன்று, கொஞ்சம் பெரியது, அதை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேல், எனவே மேலே இருப்பது எங்களுக்குத் தெரியாது. பின்னால் வந்த விமானத்துக்கு இறக்கை காலுக்குக் கீழ், கீழே இருப்பது அதை ஓட்டுகிறவருக்குத் தெரியாது. மூக்கைக் கீழே தள்ளி இடது பக்கம் ஒடித்தேன். ஒரு நீல விமானம் எங்களுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. அதன் டயரில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்தேன். புல்லை.

சுற்றி வந்து இறங்கியதும் நேரே நீல விமானத்தை ஓட்டியவரிடம் போனேன். வெளியூர்க்காரர், அறுபது வயதுக்கு மேல், தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றவராம். மனைவியோடு வந்திருந்தார். நடந்தது என்னவென்றே தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "கண்ணை எங்க வச்சிருந்தீங்க? இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" கொட்டகையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவர் முகம் செத்துவிட்டது. அவர் மனைவி மட்டும் மெதுவாக, "அவர் கேட்டாரேம்மா" என்றார். என்ன கேட்டாரோ. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விமானத்தைக் கயிற்றால் கட்டிவிட்டு, இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனார்கள்.

மார்ச் 8

சாப்பாடு இறங்கவில்லை. புல்.

மார்ச் 11, புதன்

விமான விபத்து விசாரணை அலுவலகத்திலிருந்து கடிதம். நடந்ததை இருபத்தைந்தாம் தேதிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அண்ணன் படித்துவிட்டு மேசையில் போட்டான். "வந்தவர் தப்பு. முன்னாடி போறவங்களைப் பின்னாடி வர்றவர்தானே பார்க்கணும்? நாலு வரி எழுதி அனுப்பிட்டு வேலையைப் பாரு." சட்டப்படி அவன் சொல்வது சரிதான். இங்கே ரேடியோப் பேச்சைப் பதிவு செய்யவும் யாருமில்லை.

இதை ஏன் எழுதினேன்? பதிவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மார்ச் 16, திங்கள்

நீல விமானத்துத் தபால்காரர் கடிதம் எழுதியிருக்கிறார், எனக்கும் நர்ஸுக்கும் சேர்த்து. முத்து முத்தான கையெழுத்து. மன்னிப்புக் கேட்கிறார். நீங்கள் சூளை மேல் இருப்பதாகச் சொன்னீர்கள், கிழக்கே புகை தெரிந்தது, அதுதான் சூளை என்று நினைத்துவிட்டேன், நீங்கள் அந்தப் பக்கம் இருக்கிறீர்கள், எனக்கு வழி காலியாக இருக்கிறது என்று இறங்கினேன், நிச்சயப்படுத்திக்கொள்ளாதது என் பிழை — இப்படிப் போகிறது. கடைசியில், 'இரண்டு பெண்களின் உயிரோடு விளையாடிவிட்டேன். இனி பறக்கப் போவதில்லை. விமானத்தை வாங்க யாராவது இருந்தால் மெக்கானிக் தம்பி சொல்லட்டும்.'

வீட்டுக்காரர் அதை வாசித்தார். கொட்டகைக்குப் போய், நீல விமானத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்பதற்கென்று துடைக்கிற மாதிரி தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

நர்ஸ் மறுபடி வந்தாள். பயந்து நின்றுவிடுவாள் என்று நினைத்தேன், என்னைவிடத் தைரியசாலி. பறப்பதற்கு முன்னால் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. சூளைங்கறீங்களே, அது எது?"

"விளையாடுறியா? மூணு மாசமா நீயே சொல்றியே."

"நீங்க திரும்பச் சொல்ற இடத்துல திரும்புறேன், நீங்க சொல்றதையே நானும் சொல்றேன். அங்க வெறும் வீடுங்கதான் இருக்கு. கேட்டா சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன்." வரைபடத்தில் சூளை என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். "அன்னைக்கு அந்த சார் கேட்டாருல்ல? அப்பாடா, நமக்கும் பதில் கிடைக்கும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

இன்று பாடம் எடுக்கவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

ஸ்கூட்டரில் சூளைக்குப் போனேன். தெரியாத இடமா? சூளையை இடித்து நாலு வருஷம் ஆகிறது, இடித்த அன்று மேலிருந்து வேடிக்கை பார்த்தவள் நான். இப்போது அங்கே எட்டு வீடுகள். ஒன்றில் பச்சைக் கேட். துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் சூளை எங்கே என்று கேட்டேன். "சூளையா? நாங்க குடி வந்து ரெண்டு வருஷமாச்சுங்க, அப்படி எதுவும் பார்த்ததில்லையே" என்றாள். தரையில் நின்று, பட்டப்பகலில், தேடிப் பார்க்கச் சொன்னாலும் கிடைக்காத இடம். அதை அந்த மனுஷர் வானத்திலிருந்து கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஏழாம் தேதி எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். யாரிடம் ஒளிக்கிறேன், இந்த நோட்டைப் படிக்கப் போகிறவளும் நான்தானே.

அவர் கேட்டார். "தெற்கே நாலு மைல்ல இருந்து நேரா இறங்க வர்றேன். வேற யாராவது இருக்கீங்களா?" என்றார். "சூளை மேல, திரும்புறேன்" என்றேன். உடனே, "மன்னிக்கணும், சூளை எந்தப் பக்கம்ங்க?" என்றார். தெளிவாகக் கேட்டது. எரிச்சல். ஊர் தெரியாதவங்க எல்லாம் வந்துடுறாங்க என்று நினைத்தேன். நர்ஸுக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு மைல்தானே, பின்னால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் விமானம் எங்களுடையதைப் போல இரண்டரை மடங்கு வேகம். 'உங்களுக்கு முன்னால ரெண்டு மைல்' — நாலே வார்த்தை. என் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்?

அதோடு விட்டேனா. அந்த அம்மா முன்னாலேயே அவரை வயதைச் சொல்லித் திட்டினேன்.

மார்ச் 21, சனி

அண்ணனிடம் சொன்னேன், உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன் என்று. குதித்தான். "உனக்குப் பைத்தியமா? பாடம் எடுக்கிற லைசென்ஸ் போயிடும். கிளப்பை இழுத்து மூடணும். அந்த ஆளே தப்பை ஒத்துக்கிட்டாரு, உனக்கு என்ன வந்துச்சு?"

"அவர் ஒத்துக்கிட்டது என் தப்பை."

"சூளைன்னு நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்போ நானும் குற்றவாளியா?"

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான். பாடம் எடுப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? வயது நாற்பத்தாறு. வீட்டுக்காரரிடம் கேட்டேன், "நீங்க என்ன சொல்றீங்க?" வாயில் திருகாணியை வைத்துக்கொண்டே, "நாளைக்குன்னு தள்ளிப் போடுறது என் வேலை. அதுல பங்குக்கு வராதே" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மார்ச் 23, திங்கள்

எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம். பிறகு தபால்காரருக்குப் போன் செய்தேன். சூளையே இல்லை, நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது, நான் பதில் சொல்லவில்லை, திட்டியதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அப்போ நான் சரியாத்தான் கேட்டேனா?" என்றார்.

"சரியாத்தான் கேட்டீங்க சார்."

"அது போதும்மா" என்று வைத்துவிட்டார். பறப்பேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்யதை?

ஏப்ரல் 29, புதன்

முடிவு வந்துவிட்டது. ஆறு மாதம் பாடம் எடுக்கக் கூடாது. தபால்காரருக்கு எச்சரிக்கை மட்டும். எதிர்பார்த்ததுதான். நர்ஸுக்கு மீதிப் பாடம் அண்ணன் எடுப்பான். அவன் என்னோடு பேசி ஐந்து வாரமாகிறது.

மே 12

கொட்டகைச் சுவரில் வரைபடம் மாறியிருக்கிறது. சூளை, பழைய மில், ஆலமரம் எல்லாம் அடித்து, அந்த இடங்களில் மைலும் திசையும். கோணல் கையெழுத்து, அண்ணனுடையது. அவனே பழக்கதோஷத்தில் "சூ—" என்று ஆரம்பித்து, விழுங்கி, "தெற்கே ரெண்டு மைல்" என்றதை ரேடியோவில் கேட்டேன். சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

மே 13

பேசினான். "டீ இருக்கா?" என்று.

ஜூன் 4

நீல விமானத்தை எடுத்துப் போக தபால்காரரே பஸ்ஸில் வந்தார். ஒரு சுற்று அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பறந்தார், பிறகு தனியாக வீட்டுக்குக் கிளம்பினார். என்னிடம் இரண்டு வார்த்தைதான் பேசினார். அதில் ஒன்று 'வர்றேன்'. அப்படித்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஜூன் 13, சனி

புதுத் துணிப்பை. கடைசியில் கட்டிவிட்டார்.

நர்ஸ் இன்று தனியாகப் பறந்தாள். நான் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, கையடக்க ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடம் எடுக்கத்தான் தடை, கேட்பதற்கு இல்லை. அவள் திரும்பும் நேரத்தில் ரேடியோவில் இன்னொரு குரல். "தெற்கே நாலு மைல்ல இருந்து நேரா இறங்க வர்றேன். வேற யாராவது இருக்கீங்களா?"

அதே குரல், அதே நாலு மைல்.

நர்ஸ் மென்று விழுங்கவில்லை. "இருக்கேன் சார். உங்களுக்கு முன்னாடி, தெற்கே ரெண்டு மைல், எழுநூறு அடி, சிவப்பு விமானம். உங்களைப் பார்த்துட்டேன். நீங்க முதல்ல இறங்குங்க, நான் ஒதுங்கி ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்." அவள் இடது பக்கம் விலகினாள். நீல விமானம் தனியாக இறங்கியது.

தபால்காரர் கயிறு கட்டுவதற்குள் அவர் மனைவி விமானத்திலிருந்து இறங்கி என்னிடம் நடந்து வந்தார். அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு இன்னும் எதையாவது சொல்வார் என்று எழுந்து நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்குக் கேட்டதும் பதில் வந்துச்சும்மா" என்றார்.