தோட்டத்துக் குழாயில் பிடித்த பாட்டில்

இன்று மதியம் வெளிவாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். புளிச்சோறு. முதல் கவளம் வாய்க்குப் போவதற்குள் அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏற, கவளத்தைத் திரும்ப வைத்தேன். உடனே உன் ஞாபகம்தான் வந்தது. நாற்றத்தோடு உன்னை நினைப்பதற்கு நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

ஊர்ச் சாக்கடை முழுவதும் வந்து சேரும் இந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் நீ மிஷின் பார்த்தாய். நான் தண்ணீர் சாம்பிள் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். நீ கரியாலூர், நான் கச்சிராயபாளையம். "மலையிலேர்ந்து நாங்க சுத்தமாத்தான் அனுப்புறோம். உங்க பக்கம் வந்துதான் ஆறு நாறுது" என்று சீண்டுவாய்.

நாறத்தான் செய்தது. கம்பிச் சல்லடையில் தினமும் சிக்குவதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. முடிக்கற்றை, நாப்கின், பாக்கு உறைகள், கல்யாண மண்டபத்து எச்சில், உறைந்த எண்ணெய்க் கட்டி. "வெள்ளையும் சொள்ளையுமா போறவன் வூட்டுதும் இதுலதான் கீது" என்றபடி வாரிப் போடுவாய். சல்லடை தாண்டியது மணல் தொட்டிக்குப் போகும், பிறகு காற்றுத் தொட்டிக்கு. அடியிலிருந்து காற்று ஊதினால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உயிரோடு இருந்து அழுக்கைத் தின்னும். அப்புறம் சேறு அடியில் படிய, மேலே தெளிந்த தண்ணீர் குளோரின் கலந்து இந்த வெளிவாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போகும். காற்று நின்றால் கிருமிகள் சாகும். சாக்கடை சாக்கடையாகவே ஆற்றில் இறங்கும்.

அதைக் கண்டுபிடிக்க நீ ஒரு வழி வைத்திருந்தாய். மதியச் சோற்றை இந்த மேட்டில்தான் தின்பாய். "இங்க குந்திகினு சோறு எறங்குச்சின்னா தண்ணி சரி. எறங்கலன்னா மிஷினப் போய் பாரு." மற்றவர்கள் உன்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நானும்தான்.

ஒரு கோடையில் காற்று ஊதும் மிஷின் பழுதானது. நீ இரண்டு நாளாக டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ஸ்பேர் பாகம் கேட்டு மேலதிகாரிகளுக்கு எழுதினாய். கறுத்த தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினால் வேலைக்கே வேட்டு என்று பயந்த நான், பாட்டிலைத் தோட்டத்துக் குழாயில் பிடித்தேன். சந்தேகம் வராமலிருக்க வாய்க்கால் தண்ணீரையும் கொஞ்சம் கலந்தேன், அவ்வளவு கெட்டிக்காரன். ரிப்போர்ட் நன்றாக வந்தது. "தண்ணிதான் நல்லா கீதே, ஸ்பேருக்கு இன்னா அவசரம்?" என்று அவர்கள் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து பிளாஸ்டிக் பையோடு என் மேஜைக்கு வந்தாய். கீழே தடுப்பணையில் செத்து மிதந்த கெண்டைகள், வயிறு உப்பி, கண் பிதுங்கி. அவற்றை அந்த ரிப்போர்ட்டின் மேலேயே கொட்டினாய்.

"இன்னாபா இது?" என்றேன்.

"இதுங்களுக்குப் படிச்சுக் காட்டு உன் ரிப்போர்ட்ட. அந்தத் தண்ணியிலதான் கீழ ஜனங்க குளிக்குது, மாடு குடிக்குது. சாக்கடை நாத்தம் எனக்குப் பழகிப்போச்சு. உன் நாத்தம்தான் தாங்கல."

ஒரு மாதம் நீ என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாய். ஆனால் நான் சாம்பிள் பிடிக்கும்போதெல்லாம் பாட்டிலையே பார்த்தபடி பக்கத்தில் வந்து நிற்பாய். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கும். போன ஐப்பசியில் காய்ச்சலென்று மலைக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

இன்றைக்கும் அந்தக் காற்று மிஷின் நின்றுவிட்டது. புதிதாக வந்திருக்கும் பொறுப்பாளர் மேட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே, "அதான் தோட்டத்துக் குழாய் கீதுல்ல சார்" என்றார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவரைப் பார்த்து முகம் சுளிக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வழியைத் திறந்துவைத்தவன் நான்தானே.

டிபன் பாக்ஸை மூடினேன். மேட்டிலிருந்து குனிந்து வாய்க்காலிலேயே பாட்டிலை நிரப்பினேன். கறுப்பாக, நுரையோடு ஏறியது. விரலெல்லாம் வழவழத்தது.

"இத அனுப்புனா நம்ம கதி இன்னாங்க?" என்றார் பொறுப்பாளர்.

"ஸ்பேர் வரும்" என்றேன்.

வேலையும் போகலாம். சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, சோதனைக்கூட வண்டியில் நானே ஏற்றிவிட்டேன். மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் நாற்றம் போகவில்லை. நாளைக்கும் டிபன் பாக்ஸோடு இந்த மேட்டுக்குத்தான் வருவேன். சோறு இறங்கும்வரை வருவேன். இன்று நீ பக்கத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கவில்லை.