தலையில் முடி உள்ள விதை

மார்ச் 3
அக்கா வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவை நிரவி, கார் நிறுத்த இடம் அமைக்கப் போகிறார்கள். அங்கே பூத்திருக்கும் காட்டு டெய்சி எந்த வகை என்று எழுதித் தரும் வேலை, ஊரில் வேறு தாவரவியலாளரே இல்லாததுபோல், என் மேசைக்கு வந்திருக்கிறது. அரிய வகை என்றால் சரிவு தப்பும். சாதாரணம் என்றால் மண் அள்ளும் இயந்திரம்.

மார்ச் 5
இலை, இதழ், தண்டு — இரண்டு வகையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. வித்தியாசம் விதையில்தான்: சாதாரண வகைக்கு உச்சியில் மெல்லிய முடி, அரிய வகை மொட்டை. பூ வாடி விதை முற்றும்வரை எதுவும் சொல்ல முடியாது. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 8
அக்கா வீடு. இடுப்பு முறிந்து படுத்ததிலிருந்து மாமாவுக்கு உலகமே அந்தச் சரிவு தெரியும் ஜன்னல்தான். "மொட்டைன்னா நம்ம பக்கம்" என்று வழுக்கையைத் தடவிக்கொண்டார். சிரித்தோம்.

வாசல்வரை வந்த அக்கா சிரிக்கவில்லை. "அரியதுன்னே எழுதிடேன். யாரு லென்ஸ் வச்சுப் பார்க்கப்போறா?"

நான் பார்ப்பேனே. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மார்ச் 11
இன்னும் முற்றவில்லை. போய்ப் போய்ப் பார்த்தால் முற்றிவிடுமா?

மார்ச் 16
முடி.

அடுத்த செடியிலும் முடி. மேட்டில், பள்ளத்தில், சுவரோரத்தில், எல்லாவற்றிலும். ஒண்ணே ஒண்ணு மொட்டையா இருந்தா என்னவாம்? எரிச்சலில் கையிலிருந்த விதையை ஊதிவிட்டேன். அது பாட்டுக்கு வீட்டுப் பக்கம் பறந்துபோனது.

பொய் எழுதலாமா? ஒரு தடவை எழுதிட்டா, அப்புறம் நான் எழுதறதை நானே நம்புவேனா? மாமா முகம் கண்ணை விட்டுப் போகமாட்டேங்குதே.

மார்ச் 17
"சாதாரண வகை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்காவிடம் நானே சொன்னேன். "உனக்கு உன் விதைதான் பெருசு" என்று போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2
இயந்திரம் வந்துவிட்டதாம். அக்கா இன்றும் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 19
அக்காவே கூப்பிட்டாள். "ஜன்னலுக்கு வெளியே சிமெண்ட் வெடிப்புல ஏதோ முளைச்சு மொட்டு விட்டிருக்கு. மாமா அதுகிட்ட யாரையும் விடமாட்டேங்கறார். நீ வந்து எந்த வகைன்னு பார்த்துச் சொல்லு."

லென்ஸை மேசையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.