இரண்டு கட்டத்திலும் டிக்

ஜூலை 8, செவ்வாய்
காலையில் தூறல். அஞ்செட்டியிலிருந்து முதல் பஸ் அரை மணி தாமதம். சரணாலயத்துக் காட்டுப் பாலத்தில் வழக்கம்போல எல்லோரும் இறங்கினோம். காலி பஸ் ஊர்ந்து அக்கரை சேர்ந்தது. நடந்துபோய் ஏறிக்கொண்டோம். நடந்த தூரத்துக்கு டிக்கெட்டில் தள்ளுபடி இல்லை.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் புது நோட்டீஸ். பழுது பார்ப்பதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, பொதுமக்கள் சொல்லலாமாம். புதிதென்றால் இரண்டு வருடம் வழி அடைப்பு. அது மட்டும் சின்ன எழுத்தில்.

என் துணை சுகாதார நிலையம் அக்கரையில். பிரசவ ஆஸ்பத்திரி இக்கரையில். மலையைச் சுற்றினால் அரை நாள். என் நோட்டில் ஐந்து கர்ப்பிணிகள். ரத்னாவுக்கு ஆகஸ்டில். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு.

ஜூலை 11, வெள்ளி
வாங்க: பஞ்சு, குடை, தைலம். இரும்புச்சத்து மாத்திரை இன்னும் வரவில்லை.

கருத்துப் படிவம் வந்தது. இரண்டு கட்டம். பழுது பார்ப்பதற்கு டிக் செய்து நான்கு பக்கக் கடிதம் இணைத்தேன். பதினொரு காரணங்கள். ஏழாவது மிக நேர்த்தி.

ரத்னாவின் மாமியார் முனியம்மா இரண்டு கட்டத்திலும் டிக்.

"ஒண்ணுலதாம்மா போடணும்."

"சர்க்காரு ரெண்டு தரேங்குது சிஸ்டர். ஒண்ணு வேணான்னா, நாளைக்கு ரெண்டும் இல்லேன்னுடுவாங்க."

ஊரே அப்படித்தான் போட்டது. எந்தப் படிவத்திலும் எதையும் வேண்டாமென்று சொன்ன வழக்கம் இங்கே இல்லை.

ஜூலை 16, புதன்
பள்ளி மைதானத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பேய்க்காற்று. பேனர் இரண்டு முறை பொறியாளரைப் போர்த்தியது.

யானைகளின் கருத்தும் முக்கியம் என்றார் வனத்துறை அதிகாரி. யானைகள் வரவில்லை. அவை ஆற்றில் இறங்கித்தான் கடக்கின்றன. பாலத்தைப் பற்றிய அவற்றின் கருத்து அதுவே போலும்.

பொறியாளர் படிவக் கட்டைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு டிக் போட்டதெல்லாம் செல்லாதுங்க. செல்றது ஒண்ணே ஒண்ணு."

என்னுடையது.

"ஒருத்தர் சொல்றத வெச்சு பழுது பாக்க முடியாது. அப்ப இடிச்சுட்டுப் புதுசுதான்."

கையைத் தூக்கினேன். ஏழாவது காரணம் நினைவுக்கு வரவில்லை.

முனியம்மா எழுந்தார். "ஏன் சார், உங்க வூட்ல புது அடுப்பு வர்ற வரைக்கும் பட்டினியா கெடப்பீங்க? பழசுலதான ஆக்குவீங்க? புதுசப் பக்கத்துல கட்டுங்க. அதுவரைக்கும் பழசுல பஸ்ஸு ஓடட்டும். அதுக்குத்தான் ரெண்டு டிக்கு."

பின்னாலிருந்து யாரோ தெலுங்கில் ஏதோ சேர்த்தார். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பொறியாளருக்கு மொழிபெயர்க்க யாரும் முன்வரவில்லை.

அவர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். பார்த்தேன். முழுதாக நான்கு வரி.

ஆகஸ்ட் 4, திங்கள்
உத்தரவு வந்துவிட்டது. பழைய பாலத்துக்கு உடனே இரும்பு முட்டு. போக்குவரத்து நிற்காது. புதியது சற்றுத் தள்ளி, பிறகு. அந்தப் 'பிறகு' நான் ஓய்வு பெறுவதற்குள் வரலாம். பரவாயில்லை. மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

என் கடிதத்துக்கும் பதில்: தங்கள் கருத்து பெறப்பட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்
நல்ல வெயில். ரத்னாவுக்குக் காலையில் இலேசான வலி. ஆம்புலன்ஸ் வேறு ஊரில். திரும்பும் பஸ்ஸில் ஏற்றினேன். பாலத்தடியில் முட்டு நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் பழக்கம், எல்லோரும் இறங்கினோம். ரத்னாவும் எழுந்தாள்.

"நீ உக்காரும்மா," என்றார் கண்டக்டர். "ரெண்டு பேரு வெயிட்டு தாங்கும்."

"தாங்கலேன்னா சொல்லுப்பா," என்றார் முனியம்மா. "இன்னொரு டிக்கு போடறேன்."

பஸ் ஊர்ந்தது. பின்சக்கரம் மண்ணைத் தொடும்வரை நான் அதையே பார்த்தபடி பின்னால் நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நிலையம் திரும்பினேன். மாலை நான்கு மணிக்கு அங்கிருந்து போன். பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. ரத்தப்போக்கு இல்லை. பிறப்புப் பதிவுப் படிவத்தை முனியம்மா கையில் கொடுக்க வேண்டாமென்று வார்டு சிஸ்டரிடம் சொல்லிவைத்தேன்.