பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

12 பிப்ரவரி 2025, புதன்

வாரும் டைரி அண்ணாச்சி, சௌக்கியமா? ரெண்டு நாளாகத் திறக்கவில்லை, கோபமில்லையே? விமானம் பழுதுபார்க்கும் தொழில்காரர்கள் சங்கம் பொங்கலுக்கு என் மகள் பானுப்ரியாவுக்குக் கொடுத்த டைரி நீர். அவளுக்கு எழுத நேரமில்லை. ரெண்டாம் வகுப்போடு நின்ற எனக்கு நேரம் கிடக்கிறது.

இன்று தருவைகுளத்தில் ஒரு போட் எஞ்சினைப் பிரித்தேன். உள்ளே ஒரு நண்டு குடியிருந்தது. அதைக் கிளப்புவதற்குள்—

சொல்ல வந்தது வேறு. மகள் விமானம் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஆறு மாதம். இருபது வருஷம் எனக்குச் சோறு போட்ட பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுத்தேன். "அங்கன கம்பெனி டூலத்தான் தொடணும்ப்பா" என்றாள். "பைல சும்மா கெடக்கட்டும் பிள்ள" என்றேன்.

13 பிப்ரவரி, வியாழன்

வீட்டில் என் பெண்டாட்டி முத்துக்கனி மீன் வறுத்திருந்தாள். யாரும் தின்னவில்லை.

மகள் வேலை செய்யும் இடத்தில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு டூலுக்கும் அதன் வடிவத்தை வரைந்திருப்பார்கள். வேலை முடிந்ததும் எல்லாம் அதனதன் இடத்தில் தொங்க வேண்டும். ஒரு இடம் காலி என்றாலும் விமானம் கிளம்பாது.

சாப்பிட உட்கார்ந்தவள் பையைத் தடவினாள். என் ஸ்பேனர் இல்லை. "அப்பா, கம்பெனிதுன்னு நெனச்சு நான் பலகைல மாட்டுனது ஒங்க ஸ்பேனரு."

"அப்போ கம்பெனி ஸ்பேனரு?"

"எஞ்சினுக்குள்ள கெடக்கும்."

காலையில் அவள் பழுதுபார்த்த விமானம் பறக்க வேண்டும். சொன்னால் வேலை போய்விடும். நான்தான் கேட்டேன், "வெள்ளன போய்ச் சத்தமில்லாம எடுத்துர முடியாதா பிள்ள?" அவள் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்துக் கம்பெனிக்குச் சொன்னாள்.

14 பிப்ரவரி, வெள்ளி

ஸ்பேனர் எஞ்சினுக்குள்தான் கிடந்ததாம். விமானம் தப்பியது. மகளை இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்லே அதக் குடுத்த? கிறுக்கா ஒனக்கு?

19 பிப்ரவரி, புதன்

சங்கச் செயலாளர் சிவப்பிரகாஷ் வீட்டுக்கே வந்தார். கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே நண்டுக் கதையையும் முழுசாகக் கேட்டார். நல்ல மனுஷன். கம்பெனி முதலாளியும் அந்தச் சங்கத்தில் மெம்பர்தான். அவரிடம் இவர் கேட்டாராம்: "தானாச் சொன்ன பிள்ளைய அனுப்பிட்டா, நாளைக்கு எவன் சார் வாயத் தொறப்பான்?"

27 பிப்ரவரி, வியாழன்

திங்கள்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். முத்துக்கனி அழுதுகொண்டே மீன் வறுக்கிறாள்.

2 மார்ச், ஞாயிறு

மில்லர்புரத்தில் சங்கக் கூட்டம். கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாதாமாதம் ஒருவர் எழுந்து தன் தவறைச் சொல்வது இங்கே வழக்கம். இன்று என் மகள் சொன்னாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முதலாளிகூடக் குறித்துக்கொண்டார். சுவரில் என் ஸ்பேனருக்கென்று ஒரு வடிவம் வரைந்து, அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்தச் சங்கத்துக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சத்தமில்லாமல் எடுக்கச் சொன்னேனே, அதை மட்டும் விட்டுவிட்டாள். அப்பனைக் காப்பாற்றுகிறாளாம். அதை நான்தான் சொல்ல வேண்டும்.

சிவப்பிரகாஷ் மைக்கில் கூப்பிடுகிறார். "அண்ணாச்சி, ஸ்பேனரு ஒங்களுதுதான? முன்னால வாங்க." இருக்கட்டும், எங்கிருந்து தொடங்க? முதலில் அந்த நண்டு—