கணப்புக்குள் கரிமூஞ்சி

மார்ச் 24, ஞாயிறு

இதனால் இவ்வீட்டின் விறைத்துப்போன பிரஜைகள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று காலை சமையலறையில் நான் விட்ட மூச்சு என் கண்ணுக்கே தெரிந்தது. ரொட்டியில் தடவப் போன வெண்ணெய் ரொட்டியைக் கிழித்தது. மாட்சிமை தங்கிய அப்பா அவர்கள் நேரில் வந்து நிலைமையைப் பார்வையிட்டார்கள். "ஆன்சாக் நாளுக்கு முன்னால இந்த வீட்ல கணப்பு கிடையாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, அரைக்கால் சட்டையோடு விறகு அடுக்கப் போனார்கள்.

ஆன்சாக் என்றால் போர்வீரர் நினைவு நாள், ஏப்ரல் இருபத்தைந்து. அது வரை குச்சி கிழிக்கக் கூடாது. தாத்தா போட்ட சட்டமாம். சட்டம் போட்ட தாத்தா இப்போது குவீன்ஸ்லாந்தில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அனுபவிப்பது, மார்ச்சிலேயே குளிர் தொடங்கிவிடும் டாஸ்மேனியாவில், நாங்கள்.

வீட்டுப் பக்கச் சுவர் நீளத்துக்கு விறகு. அப்பா அதை எரிக்க மாட்டார், பார்த்துப் பார்த்தே குளிர்காய்வார்.

இருக்கட்டும். இந்த ஹுவான் பள்ளத்தாக்கில் என்னிடம் ஏமாறாத ஆள் கிடையாது. ஆன்சாக்குக்கு முன்னால் அப்பா கையாலேயே கணப்பை மூட்ட வைக்கிறேன். வைக்காவிட்டால் என் பெயர் ஜெட் இல்லை.

மார்ச் 27

சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியைக் குளிர்பெட்டியில் வைத்து, அப்பா வரும் நேரம் பார்த்து மறுபடி மாட்டினேன். மூன்று டிகிரி காட்டியது. அப்பா அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். "சீஸ் வாசன அடிக்குதேடா" என்றார். அவ்வளவுதான்.

அப்பாவின் பூட்ஸுக்குள் ஐஸ் போட்டதையும் இங்கே பதிவு செய்கிறேன். அவர் அதை அணிந்துகொண்டு வேலைக்கே போய்விட்டார். ஆப்பிள் பெட்டி ஏற்றும் லாரிக்காரருக்குக் காலில் உணர்ச்சி கிடையாது போலிருக்கிறது.

மார்ச் 31, ஈஸ்டர்

சாக்லேட் முட்டை வாயில்கூட உருக மறுக்கிறது.

ஏப்ரல் 3

அறுவடைக் காலம். அம்மாவுக்கு ஆப்பிள் கொட்டகையில் இருட்டும் வரை வேலை. ஆகவே பள்ளி விட்டதும் தங்கை மார்னி, தம்பி ஆங்கஸ் இருவருக்கும் நான்தான் ஆயா. மார்னிக்கு ஐந்து வயது, பிப்ரவரியில்தான் பள்ளியில் சேர்ந்தாள். ஆங்கஸுக்கு இரண்டு. அவனுக்குத் தெரிந்த சொல் "மாட்டேன்" ஒன்றுதான். என் வகுப்பு லாக்கியும் மற்றவர்களும் ஃபுட்டி பந்து ஆடப் போகிறார்கள். நான் மூக்கு துடைத்துவிடுகிறேன். என் மூக்கை இல்லை. நான் தாமதமாக வந்ததற்கு அம்மா சொன்னது: "பேருதான் ஜெட்டு. வேகம் மாட்டு வண்டி."

மார்னியின் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாராம். பிப்ரவரியிலிருந்து அவள் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மார்னியா? வீட்டில் அவள் ஒலிபெருக்கி. டீச்சர் வேறு பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார்.

நிற்க. புதிய திட்டம். அப்பா எனக்கு மசிய மாட்டார், மார்னி அழுதால் மசிவார். ஆகவே அவளிடம் ரகசியமாகச் சொன்னேன்: "கணப்புக்குள்ள ஒண்ணு இருக்கு. கரிமூஞ்சின்னு பேரு. நெருப்பு இருந்தா வராது. நெருப்பு இல்லன்னா மெதுவா வெளிய வரும்."

அவள் கண் தட்டு அளவுக்கு விரிந்தது. நாளைக்குள் கணப்பு எரியும். நான் மேதை.

ஏப்ரல் 4

மேதை, மண்ணாங்கட்டி.

மார்னி பயப்படவில்லை. பரிதாபப்பட்டுவிட்டாள். உள்ளே தனியாக, இருட்டில் இருக்கிறதாம், பாவமாம். கணப்பின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தலையணை போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதோடு பேசினாள். "நெருப்பு வெச்சா அதுக்குச் சுடும்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றி, இந்த வீட்டில் சட்டத்தை மதிக்கிற ஒரே ஆள் என்றார்.

எதிரிக்கு நானே ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கோடை நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். எல்லோருக்கும் ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதல். இதை ஆங்கஸிடம் யாரும் தெரிவிக்கவில்லை. நாலரைக்கு என் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து "மாட்டேன்" என்றான். எதை மாட்டேன் என்று கேட்டேன். எல்லாவற்றையுமாம்.

ஏப்ரல் 9

இந்த வீட்டில் சூடான இடம் ஒன்றே ஒன்றுதான், சலவை அறை. துணி உலர்த்தும் இயந்திரம் ஓடும்போது அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் சொர்க்கம். ஆங்கஸ் தூங்குகிற நேரத்தில் ஒரு பாக்கெட் வினிகர் சிப்ஸோடு அங்கே போய்விடுவேன். யாருக்கும் தெரியாது.

அந்தப் பலகைச் சுவருக்கு மறுபுறம்தான் கணப்பு. இன்றைக்கு மார்னி பேசியது எல்லாம் கேட்டது. பள்ளியில் வாயே திறக்காதவள், கரிமூஞ்சிக்குக் காது மந்தம் என்பதுபோலச் சத்தமாகப் பேசினாள்.

"சாப்பிடுற நேரத்துல உன் பக்கத்துல யாரு உக்காருவாங்க? எனக்கு யாரும் இல்ல. நான் குழாய்கிட்ட உக்காந்துப்பேன். தண்ணி சொட்டும், அதப் பாப்பேன்." பிறகு கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னிக்கு ஜெட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனான். நான் கையாட்டினேன். பாத்தான். பாக்காத மாதிரி போயிட்டான்."

வாயில் இருந்த சிப்ஸை மெல்லாமல் ஊறவைத்து விழுங்கினேன்.

நான் பார்க்கவில்லை.

பார்த்தேன். லாக்கி கூட இருந்தான்டா, என்ன பண்றது? ஒரே வளாகம்தான். சின்னதுகள் பக்கத்துக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு வேலி, பூட்டாத ஒரு கதவு. அந்தக் கதவைத் தாண்டிப் போன ஒன்பதாம் வகுப்பான் எவனும் கிடையாது. போனால் அவ்வளவுதான், பள்ளி முடியும் வரை பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் அஞ்சு வயசுக்கு எப்படிப் புரியும்?

ஏப்ரல் 11

பள்ளி விடுமுறை. இரண்டு வாரத்துக்கு வேலியும் இல்லை, குழாயும் இல்லை. நல்லது. பேச்சு முடிந்தது.

ஏப்ரல் 17

முடியவில்லை. தினமும் சாயங்காலம் கரிமூஞ்சி தர்பார் நடக்கிறது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் சலவை அறைக்குப் போகிறேன். கேட்கிறேன். பள்ளி திறக்க எத்தனை தூக்கம் இருக்கிறது என்று கரிமூஞ்சியிடம் கேட்கிறாள். அதற்குப் பதில் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்றைக்கு உதிர்ந்த பாப்லர் மரத்து இலைகளைக் கூட்டிக் குவிக்கச் சொன்னார் அப்பா. நான் குவித்தேன், ஆங்கஸ் குதித்தான். மறுபடி குவித்தேன், மார்னியும் குதித்தாள். "குவிக்கிறதுக்கு ஒருத்தன், குதிக்கிறதுக்கு ரெண்டு பேரா?" என்று கத்திவிட்டேன். மார்னி கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு நேரே உள்ளே போனாள். எங்கே போனாள் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று புகார் என்மேல்.

லாக்கி அனுப்பிய செய்தி: "ஆயாம்மா, நாளைக்காவது ஆட வருவீங்களா?"

ஏப்ரல் 25, ஆன்சாக்

இருட்டோடு எழுந்து, போர் நினைவுத் தூணுக்குப் போய்க் குளிரில் நின்றோம். ஊரே நின்றது. எக்காளம் ஊதி முடிந்த மௌனத்தில் ஆங்கஸ் "மாட்டேன்" என்றான். ஒரு கிழவர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குத் திருவிழா. பட்டை சீவி, சுள்ளி அடுக்கி, காகிதம் சுருட்டி வைத்து, தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். அம்மா ஓட்ஸ் பிஸ்கட் தட்டோடு நின்றாள். நானும் கை நீட்டியபடி நின்றேன். ஒரு மாதமாகக் காத்திருந்த நிமிடம்.

மார்னி போய்க் கணப்பைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும். அழவில்லை, கத்தவில்லை. கன்னத்தை இரும்பில் வைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்பா மெதுவாகப் பிரித்துப் பார்த்தார். விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தாள்.

"என்னடி செல்லம்?"

"கரிமூஞ்சி."

"யாரும்மா அது?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிஸ்கட் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் சொன்னேன்.

அப்பா தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "குடி வெச்சவன்தான் காலி பண்ண வைக்கணும். பொய்ன்னு சொல்லி அவ மனச உடைக்கக் கூடாது. அது வரைக்கும் நெருப்பு கிடையாது."

அவர் உதடு நீலமாக இருந்தது. அவருக்கும் குளிர்கிறது. இத்தனை நாளும் குளிர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 27

மார்னியை உட்கார வைத்துப் பேசினேன். குளிர்காலத்தில் கரிமூஞ்சிகள் இடம் மாறும், கொக்கு மாதிரி. நம்முடையது இந்த வருடம் உன் பள்ளிக்கூடக் குழாய்க்குப் பக்கத்தில் இடம் பிடித்திருக்கிறது, இனி நீ தனியாகச் சாப்பிட வேண்டாம். சொல்லும்போது நானே நம்பிவிட்டேன், அவ்வளவு அருமையான பொய்.

மார்னி யோசித்தாள். "அதுக்குப் பள்ளிக்கூடம் புடிக்காது. எங்கிட்ட சொல்லிச்சு" என்றாள்.

என் கரிமூஞ்சி எனக்கே எதிர்சாட்சி சொல்கிறது.

ஏப்ரல் 29, திங்கள்

பள்ளி திறந்தது. சாப்பாட்டு இடைவேளையில் வேலிக் கதவு வரை போனேன். மார்னி குழாயடியில் இருந்தாள், டப்பாவைத் திறக்காமல். லாக்கி பின்னாலிருந்து கூப்பிட்டான். திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 30

இன்றைக்கு அவள் கையாட்டவில்லை. என்னைப் பார்த்தாள். அப்புறம் குழாயைப் பார்த்தாள்.

சாயங்காலம் சலவை அறைக்குப் போகவில்லை. குளிரட்டும்.

மே 1

போனேன். வேலியைத் தாண்டிப் போனேன். அவ்வளவுதான், போய்விட்டேன்.

லாக்கி ஏன் என்று கேட்டதற்கு, தண்டனை என்றேன். ஹெட்மாஸ்டர் போட்ட தண்டனை, ஒரு வாரம் சின்னதுகள் பக்கத்தில் காவல், காரணம் சொன்னால் நீ நம்ப மாட்டாய், அவ்வளவு பெரிய சேட்டை. வாயைப் பிளந்தான். மரியாதை கூடியிருக்கிறது.

குழாயடியில் இருப்பது பொம்மைக்குச் செய்த பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் காதில் இடிக்கிறது. மார்னி நகர்ந்து இடம் விட்டாள். டப்பாவைத் திறந்து, வெஜிமைட் தடவிய ரொட்டியைப் பாதி பிய்த்துக் கொடுத்தாள். ஓரத்தை அவள் வைத்துக்கொண்டு நடுப்பாதியை எனக்குக் கொடுத்தாள்.

மே 3, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பான் ஒருவன் சின்ன பெஞ்சில் மடங்கி உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கத்துக்கு மிருகக்காட்சிசாலை. புதன்கிழமை தூரத்தில் நின்று பார்த்தார்கள். நேற்று ஒரு பையன் என் காலணியைத் தன் காலணியோடு அளந்து பார்த்தான். இன்றைக்கு முன்பல் இல்லாத ஒரு பெண், பெயர் ஐலா, எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து உட்காரப் பார்த்தாள்.

மார்னி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "தள்ளி உக்காரு. இவன் என் அண்ணன்."

மைதானக் காவலில் இருந்த டீச்சர் கையில் வைத்திருந்த காபியைச் சாய்த்துவிட்டார். இந்த வருடம் பள்ளியில் மார்னி பேசிய முதல் வாக்கியம். அதுவும் சண்டை.

ஐலா தள்ளித்தான் உட்கார்ந்தாள், மார்னிக்கு அந்தப் பக்கம். பிறகு இருவரும் யாருக்குப் பல் ஆடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்திலேயே நான் இருந்ததை யாரும் சட்டை செய்யவில்லை.

மே 5, ஞாயிறு

கணப்பு எரிகிறது. அதன் முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆங்கஸ் ஒரு காலுறையோடு என் மேல் தூங்குகிறான். அப்பா தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு கால் இரண்டையும் நெருப்புப் பக்கம் நீட்டியிருக்கிறார்.

காலையில் மார்னி தானாகவே தீப்பெட்டியை எடுத்துப்போய் அப்பாவிடம் கொடுத்தாள். நான் பதறிப்போய் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், கரிமூஞ்சிக்குச் சுடாதா என்று.

"அது உள்ள இல்ல."

"பின்ன எங்க?"

"சலவை ரூம்ல. சிப்ஸ் தின்னும், கரக்கரக்குன்னு. வினிகர் வாசன வரும்."

என் சட்டையை முகர்ந்து பார்த்தேன். அப்படியானால் இத்தனை நாளும் யாரிடம் பேசினாய் என்று கேட்டேன். நாங்கள் ஆங்கஸைப் பார்ப்போமே, அந்த மாதிரி என்னைப் பார்த்தாள்.

"உங்கிட்டதான். நேர்ல சொன்னா நீ கேலி பண்ணுவ."

"அன்னிக்கு ஏன் கணப்பக் கட்டிப் புடிச்ச?"

"நெருப்பு இருந்தா நீ இங்க வந்துடுவ. அங்க உக்கார மாட்ட. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

சொல்லிவிட்டு பிஸ்கட் எடுக்கப் போய்விட்டாள்.

இந்தப் பள்ளத்தாக்கில் என்னிடம் ஏமாறாத ஆள் கிடையாது என்று மார்ச்சில் எழுதியிருக்கிறேன். அழிக்கப் பார்த்தேன், பேனா மை போகவில்லை. இருக்கட்டும். கரிமூஞ்சி வேறு யாருமில்லை, கரியைப் பூசிக்கொண்டது நான்தான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஹெட்மாஸ்டருக்கு நான் யாரென்றே தெரியாது. தண்டனையெல்லாம் கிடையாது. ஐலாவும் மார்னியும் நாளைக்குக் குழாயடியில் கடை போடுகிறார்களாம், யூகலிப்டஸ் மரத்துக் காய் வியாபாரம். வாங்க ஆள் வேண்டுமாம். லாக்கியிடம் தண்டனையை இன்னும் ஒரு வாரம் நீட்டிவிட்டார்கள் என்று சொல்லப்போகிறேன்.