பங்களாவுக்குள் போன இரண்டு பேர்

அன்புள்ள மூக்கம்மாளுக்கு,

செபமாலை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். போனில் உன்னைப் பிடிக்கவே முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் உன் மருமகள்தான் எடுத்து, "அத்தை தோப்புக்குப் போயிட்டாங்களுங்க" என்கிறாள். முதலமடை வெயிலில் மாங்காய் பொறுக்குகிறாயே, உடம்பு தாங்குகிறதா? இங்கே இன்னும் நல்ல மழை இல்லை. தேயிலைக் கொழுந்தும் சரியாகத் துளிர்க்கவில்லை. நம் லயத்தில் பாதி வீடுகளில் இப்போது வடக்கே இருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள்.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. ரோசியின் பேர் இதில் வருகிறது. அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எர்ணாகுளத்திலிருந்து ஜிஷா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். தோட்டத் தொழிலாளர் போராட்டங்களின் போட்டோ, நோட்டீஸ், கொடி எல்லாவற்றையும் சேர்த்து ஓர் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்போகிறார்களாம். ஆட்களைப் பேச வைத்துப் பதிவும் செய்கிறாள். வேலையை நிறுத்திவிட்டுப் பெண்கள் மட்டும் ரோட்டில் உட்கார்ந்தோமே, அந்தச் சமரத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறாள். நீ மைக் பிடித்து நிற்கிற போட்டோ ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்திருக்கிறாள். பார்த்து எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

அது நிலைக்கவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச் ஹாலில் பதிவுகளைப் போட்டுக் காட்டினாள். யூனியன் பாண்டித்துரை அண்ணன் பேசியது முதலில் வந்தது. கூலி உயர்வு கைக்கு வருகிற நேரத்தில் நீ மட்டும் தனியாக மேனேஜர் பங்களாவுக்குள் போய்ப் பேசி முடித்துவிட்டாயாம், சமரம் உடைந்ததே அதனால்தானாம். அன்றைக்கும் ஊர் இதைத்தான் பேசியது. அது பொறுக்காமல்தானே நீ மலையை விட்டு இறங்கினாய். ஆனால் இனி இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை மூக்கம்மா. காப்பகத்தில் கிடக்கும். நம் பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.

என் பக்கத்தில் இருந்த ரோசி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் எழுந்து நின்று, "ரெண்டு பேரு போனோம். நானும்தான் கூடப் போனேன்" என்றேன். "எதுக்குப் போனீங்கன்னு சொல்லு தாயி, அதையும் பதியட்டும்" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம் ஆகாத ரோசிக்கு வயிற்றில் பிள்ளை இருந்ததை நாம் அறிந்ததே ராத்திரி எல்லோரும் தூங்கும்போது ரோட்டில் வைத்து அவளுக்கு இரத்தம் போன பிறகுதான். ரோட்டை நாமே மறித்திருந்தோம். தோட்டத்துக்குள் போகும் கம்பெனி ரோடு வழியாக அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மேனேஜரிடம் கெஞ்சி ஜீப் வாங்கினோம். இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வேன்? யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீதான் என்னிடம் சத்தியம் வாங்கினாய். மறுநாள் நீ விலைபோய்விட்டாய் என்று பேச்சுக் கிளம்பியது. மேனேஜரும் வாய் திறக்காமல் அதை வளரவிட்டார். அப்போதுகூட நீ சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கொழுந்து எடை போட்டு வரும் வழியில் ரோசி என்னை நிறுத்தினாள். தானாகவே ஜிஷாவிடம் போய் எல்லாவற்றையும் பேசிப் பதிந்துவிட்டாளாம். விருப்பமானால் அவள் உயிரோடு இருக்கும்வரை யாரும் கேட்காதபடி அதை மூடி வைக்க முடியும் என்று ஜிஷா சொன்னாளாம். "மூடி வைக்கச் சொல்லிட்டேங்க்கா. அதுக்கு மேல எனக்குத் தைரியம் இல்ல. மூக்கம்மாக்கா என்னைய என்ன நெனப்பாங்க?" என்று கேட்டு அழுதாள். பிறகு அவளைக் கட்டிய சுவக்கீன் நல்ல புருஷன்தான். ஆனாலும் இதைக் கேட்டால் அவன் மனசு எப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

அவள் நம்மைவிட எவ்வளவு சின்னவள். அந்தப் பதிவு வெளியே வரும்போது நீயும் இருக்க மாட்டாய், நானும் இருக்க மாட்டேன். இது நியாயமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நீ பட்டதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

என்னால் ஆனதைச் செய்தேன். உள்ளே போனவர்களில் நானும் ஒருத்தி, நாங்கள் யாரையும் விற்கவில்லை, காரணத்தை மட்டும் கேட்காதீர்கள் என்று என் பேரோடு பேசிக் கொடுத்தேன். பாண்டித்துரை அண்ணன் பேசியதைக் கேட்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கேட்கும்படி வைப்பதாக ஜிஷா வாக்குக் கொடுத்திருக்கிறாள். வேலைக்கு இடைஞ்சல் வரும் என்று என் மகனுக்குக் கோபம், இரண்டு நாளாகப் பேசவில்லை. இனி உன்னைப் பேசுகிறவர்கள் என்னையும் சேர்த்தே பேசட்டும்.

மாங்காய் முடிகிற சமயத்தில் ஜிஷா போட்டோக்களை ஹாலில் மாட்டி எல்லோரையும் கூப்பிடப்போகிறாள். நீ வா. பேச வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். எனக்கும் ரோசிக்கும் நடுவில் வந்து உட்கார், போதும். உன் சாமியும் என் மாதாவும் உன்னைப் பத்திரமாக மலையேற்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
செபமாலையம்மாள்