பாட்டுக்கு அரை மணி தாமதம்

9 ஜூன் 2025, திங்கள்
பக்ரீத் லீவு முடிந்து மீமிசலிலிருந்து பஸ் பிடித்து, ஆவுடையார்கோவில் இ-சேவைக் கடையை எட்டு ஐம்பதுக்கே திறந்துவிட்டேன். வருகைப் பதிவில் விழுந்த நேரம் 9.11. தாமதமாம்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் எல்லாம் ஒன்றாக முண்டியடித்துக் கிளம்புகின்றன: முருகன் பாட்டு, பஞ்சாங்கம், முதலாளி பெரியகருப்பன் ஐயாவின் அப்பா படம். இந்த நெரிசலில் கடைசியாக வருவது என் முகத்தைப் பார்த்து நேரம் குறிக்கும் புரோகிராம். போன வாரம்தான் ஐயாவின் மருமகன் திருச்சியிலிருந்து வந்து போட்டுவிட்டுப் போனார். அதற்குள் மூன்று தாமதம். ஐந்து ஆனால் வேலை நிரந்தரம் கிடையாது. ஆறு மாதம் இதற்காகத்தானே ஓடினேன்?

சீக்கிரம் வரவும் வழியில்லை. சாவி ஐயா வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது. எட்டே முக்காலுக்கு முன் கைக்கு வராது. ஐயாவிடம் சொன்னேன். “மிசின் பொய் சொல்லாதும்மா” என்றார்.

10 ஜூன்
வீடியோ பார்த்து, தானாகக் கிளம்பும் எல்லாவற்றையும் அரை மணி தள்ளி வைத்தேன். எல்லாவற்றையும் – வருகைப் பதிவையும் சேர்த்து! 9.21. நான்கு. மக்கு நிலோஃபர்.

11 ஜூன்
வருகைப் பதிவு மட்டும் உடனே. மற்றவை அரை மணி கழித்து. 8.53 விழுந்தது.

ஆனால் பாட்டு ஓடாமல் வேலை தொடங்கக்கூடாது என்பது கடை வழக்கம். “நிலோஃபர், சாமி பாட்டை நிறுத்திட்டா” என்று யாராவது கிளப்பிவிட்டால்? பயமாகத்தான் இருக்கு. நல்ல வேளை, ஐயா இன்று அறந்தாங்கி போய்விட்டார்.

12 ஜூன்
ஒன்பது இருபதுக்கு ஐயா படியேறினார். அதே நேரம் பாட்டு ஆரம்பித்தது – இத்தனை நாள் திக்கித் திக்கி ஓடியது, இன்று கணீரென்று. செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது.

“நான் கால வச்சதும் முருகன் பாடுறாரும்மா” என்றார்.

வரிசையில் முதலில் நின்றவரைக் கூப்பிட்டேன்.

16 ஜூன்
மனசு கேட்கவில்லை. அரை மணி தள்ளி வைத்ததே நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஐயா சிரித்தார்.

“சாமிக்கே டைம் வைப்பீங்களா? ஒங்க கை ராசியான கைம்மா.”

நிம்மதி. கூடவே எரிச்சல். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதற்குப் பெயர் ராசியா?

20 ஜூன்
இன்றும் 8.53.

30 ஜூன்
இன்று ஐயா ஒன்பதுக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை. எதிர் டீக்கடையில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று, ஒன்பது இருபதுக்குச் சரியாக வலது காலை எடுத்து வைத்தார். பாட்டு ஆரம்பித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு நிரந்தர வேலைக்கான உத்தரவைக் கொடுத்தார். வருகைப் பதிவைப் பற்றிப் பேச்சே இல்லை.

“இனிமே கம்ப்யூட்டர நீங்கதான் போடணும். வேற கை படக்கூடாது. ஞாயித்துக்கெழமையும் வந்துருங்க.”

ஞாயிறு எனக்கு லீவு என்று சொல்ல வாயெடுத்தேன். உத்தரவு கையில் இருந்தது.

“சரிங்கய்யா” என்றேன்.